கல்லீரலைக் காக்கும் இரட்டை மருந்து

ஹெபடைடிஸ் 'சி' இரத்தத்தின் வழியே தொற்றும் நோய். பல ஆண்டுகள் வெளியே தெரியாமலிருந்து, கல்லீரலைச் சுருங்கச் செய்துவிடும். 1990களின் இறுதியில் இன்டர்ஃபெரான் ஊசியுடன் ரிபாவிரினும் ஓராண்டு வரை கொடுத்தார்கள். பாதிப் பேருக்குக் கூடக் குணமாகவில்லை.

இன்று சொஃபாஸ்புவிர், டாக்லாடஸ்விர் என இரு மாத்திரைகள், பெரும்பாலும் 12 வாரம். ஒன்று வைரஸ் தன்னைப் படியெடுக்கும் நொதியைத் தடுக்கிறது. மற்றது அதற்குத் துணைபோகும் புரதத்தை முடக்குகிறது. உருமாறி ஒன்றில் தப்பும் வைரஸ் மற்றதில் சிக்கிக்கொள்ளும். நூற்றுக்கு 90 பேருக்கு மேல் குணமடைகின்றனர்.

ஒரு மில்லி இரத்தத்தில் லட்சக்கணக்கில் இருந்த வைரஸ், சில வாரங்களிலேயே சோதனைக்கு அகப்படாத அளவுக்குக் குறைந்துவிடும். அதைக் கண்டு மாத்திரையை நிறுத்தலாகாது. மிச்சமிருப்பது மீண்டும் பெருகும். மருந்து முடித்து 12 வாரம் கழித்தும் வைரஸ் இல்லையென்றால்தான் குணம் என்பார்கள்.

2014இல் சொஃபாஸ்புவிர் தயாரிக்க உரிமம் பெற்ற ஏழு இந்திய நிறுவனங்களுள் நம் பெங்களூரின் ஸ்ட்ரைட்ஸும் ஒன்று. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் சோதனையும் மருந்தும் இலவசம்.

ஒக்கலிபுரம் அன்பர்களே! இரத்த வங்கிகளில் இச்சோதனை வராத காலத்தில் இரத்தம் ஏற்றிக்கொண்ட பெரியவர்கள் வீட்டிலிருந்தால், ஒருமுறை சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.