ஷெட்டில் கிடந்த பைக் என்ஜின் கார்

காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் கோயிலுக்குப் பூசை போட வராத வண்டி இல்லை. டிராக்டர், டிப்பர், புல்லட், மினி லாரி எல்லாம் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுத்தான் ஊர் திரும்பும். ஒரே ஒரு வகைக் கார் மட்டும் தன் சக்கரத்தில் உருண்டு இந்த வாசலுக்கு வர முடியாது. பொறியியல் கல்லூரி மாணவர்கள் இரும்புக் குழாய்களை வெல்டு வைத்துக் கூண்டு கட்டி, முதுகுப் பக்கம் பைக் என்ஜினை மாட்டி ஓட்டும் பந்தயக் கார் அது. இங்கிலாந்தில் உதிரிபாகங்களை வாங்கி வீட்டிலேயே கார் பூட்டி, அரசுச் சோதனையில் தேறினால் சாலையில் ஓட்டலாம். நம் மோட்டார் வாகனச் சட்டம் கம்பெனி கட்டிய உருவத்தை மாற்றவே எளிதில் விடாது. அதனால் இந்தக் காருக்கு நம்பர் பிளேட் கிடையாது; பந்தயத் தடத்துக்குக்கூட லாரியில்தான் போகும்.

பக்கத்து வேலூர் விஐடியின் பிரவேகா ரேசிங், சென்னை ஐஐடியின் ரஃப்தார் போன்ற அணிகள் இப்படிப்பட்ட கார்களைக் கட்டி, கோவை செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் பார்முலா பாரத் போட்டிக்குக் கொண்டுபோகின்றன. ரஃப்தார் 2022-இல் மின்சாரக் காருக்கு மாறிவிட்டது. பல கல்லூரிகளில் காற்று அந்தப் பக்கம்தான் வீசுகிறது. பெட்ரோல் கார் ஷெட்டின் மூலைக்குப் போகும். கட்டியவர்கள் பட்டம் வாங்கி வேலைக்குப் போய்விடுவார்கள்; எந்த ஒயர் எங்கே போகிறது என்ற விவரமும் அவர்களோடு போய்விடும். நாலு வருஷம் கழித்து ஒரு ஜூனியர் பட்டாளம் தார்ப்பாயை விலக்கி, பேட்டரியை மாட்டி, நேராகச் செல்ஃபை அமுக்கும். அந்த அவசரத்தில்தான் என்ஜின் போகிறது.

இந்தக் கார்களில் அதிகம் புழங்குவது கேடிஎம் 390 ட்யூக்கின் பழைய என்ஜின். 2013-இல் இந்தியாவுக்கு வந்தது, புணே பக்கம் சாக்கனில் தயாரானது. ஒரே பிஸ்டன், 373 சிசி, ஏறத்தாழ 43 குதிரைத்திறன். கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800 தந்ததைவிட அதிகம். கியர்பெட்டியும் கிளட்சும் உள்ளேயே அடக்கம், மொத்த எடை 36 கிலோதான். இரண்டு பேர் சிரமமில்லாமல் தூக்கிவிடலாம். இதைவிடத் தோதான சாமான் மாணவர்களுக்குக் கிடைப்பது கஷ்டம்.

ஆனால் இது சாய்ந்து ஓடப் பிறந்த என்ஜின். வளைவில் பைக் உள்பக்கம் சாய்வதால் எடையும் வெளித்தள்ளும் விசையும் சேர்ந்து என்ஜினின் அடிப்பக்கத்தை நோக்கியே அழுத்தும். ஆயில் தன் அடித்தொட்டியான சம்பை விட்டு நகராது. கார் அப்படிச் சாயாது. வேகமாகத் திருப்பினால், வளைவில் போகும் பஸ்ஸில் தூக்குப்பாத்திரத்து ரசம் ஒரு பக்கம் ஏறுகிற மாதிரி ஆயில் சுவரோரம் ஏறிவிடும். புவியீர்ப்புக்குச் சமமான பக்கவிசை வந்தால் ஆயிலின் மட்டம் 45 டிகிரி சாயும், நல்ல மாணவர் கார் அதைத் தாண்டியும் போகும். அந்த நேரத்தில் ஆயில் பம்ப் காற்றை உறிஞ்சும், கிராங்க் பேரிங் வறண்டு உராயும். சம்பில் தடுப்புத் தகடு வைப்பதும், ஆயிலைத் தனித் தொட்டியில் சேர்ப்பதும் இதற்காகத்தான். அதனால் பழைய காரைக் கையில் எடுத்ததும் முதல் வேலை ஆயிலை வடிப்பது. வடித்த ஆயிலை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். ஜரிகைப் பொடி மாதிரி மின்னினால் பேரிங் முன்பே அடிவாங்கியிருக்கிறது, என்ஜினைப் பிரிக்காமல் ஸ்டார்ட் செய்வதில் அர்த்தமில்லை.

மின்னவில்லை என்றால் அடுத்தது பெட்ரோல். டேங்கைத் திறந்தால் வார்னிஷ் வாடை வரும். லேசான பகுதிகள் ஆவியாகி, மிச்சம் பிசினாகி இன்ஜெக்டரின் மயிரிழைத் துளைகளை அடைத்திருக்கும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதானே? புதுப் பெட்ரோலை மேலே ஊற்றிக் கலந்து சமாளிக்கலாம் என்பது வீண் ஆசை, முழுசாக வடித்துவிட வேண்டும்.

சிலிண்டருக்குள் நடந்ததுதான் சுவாரசியம். என்ஜின் கடைசியாக நின்றபோது ஏதாவது ஒரு வால்வு திறந்திருந்தால், அந்த வழியே ஐப்பசி மழை ஈரம் உள்ளே போய்ச் சுவரில் துரு வைக்கும். (நிறுத்தும்போதே பிஸ்டனை அழுத்த வீச்சின் உச்சியில் வைத்தால் எல்லா வால்வுகளும் மூடியிருக்கும். இதைச் செய்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.) பிளக்கைக் கழற்றி, ஒரு ஸ்பூன் ஆயிலை உள்ளே விட்டு, ஒரு ராத்திரி ஊறவிட வேண்டும். மறுநாள் கிராங்கைக் கையால் ஸ்பேனர் போட்டுச் சுற்ற வேண்டும். முரண்டு பிடித்தால் பலத்தைக் காட்டக் கூடாது. லேசாகச் சுற்றினால், புது ஆயில் ஊற்றிவிட்டு, பிளக் இல்லாமலே செல்ஃபில் சில நொடிகள் ஓட்டி ஆயிலை மேலே ஏற்ற வேண்டும். எரிபொருள் வேண்டாம், பொறியும் வேண்டாம்.

அதற்கு உயிருள்ள பேட்டரி வேண்டும். சார்ஜ் இல்லாமல் வருஷக்கணக்கில் கிடந்த ஈய பேட்டரியின் தகட்டில் ஈய சல்ஃபேட் கெட்டிப்பட்டிருக்கும், சார்ஜர் போட்டு அதை மீட்பது அபூர்வம். நிறைந்த பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். அதைவிட ரொம்பக் குறைந்தால் பெட்ரோல் பம்பும் என்ஜின் கம்ப்யூட்டரும் தடுமாறி, இல்லாத கோளாறைத் தேட வைக்கும்.

கிளட்ச் தனிக்கதை. பைக் கிளட்ச் என்ஜின் ஆயிலிலேயே நனைந்து ஓடுவது, நாளானால் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கிளட்சை அழுத்திக் கியர் போட்டாலும் கார் முன்னால் பாயும். அதனால் முதல் ஸ்டார்ட்டில் பின்சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்கி வைத்திருக்க வேண்டும். கார் ஆயில் மிச்சமிருக்கிறதே என்று ஊற்றிவிடக் கூடாது. உராய்வைக் குறைக்க அதில் சேர்த்திருக்கும் சரக்கு கிளட்சை வழுக்கவிடும். டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

காற்று போகும் வழியையும் மறக்க வேண்டாம். போட்டி விதிப்படி பெட்ரோல் கார் மொத்தக் காற்றையும் 20 மில்லிமீட்டர் துளை வழியாகத்தான் உறிஞ்ச வேண்டும். அந்த அகலம் மண்குளவிக்குக் கூடு கட்டக் கச்சிதம். சைலென்சருக்குள்ளும் கட்டியிருக்கும். டார்ச் அடித்துப் பார்க்காமல் ஓட்டினால் காற்றுத் துளையின் மண் நேரே சிலிண்டருக்குள்.

இதெல்லாம் முடிந்து உறுமல் கேட்டதும் தடத்துக்கு ஓடிவிட முடியாது. பழைய பிரேக் திரவம் ஈரம் குடித்திருக்கும், மாற்றியாக வேண்டும். போட்டியின் பிரேக் சோதனையில் நான்கு சக்கரமும் பூட்டி நிற்க வேண்டும். அதற்கு முன்பே டிரைவரை உட்காரவைத்துக் காரை மேடையோடு 60 டிகிரி சாய்ப்பார்கள். பெட்ரோலோ ஆயிலோ ஒரு சொட்டுக் கசிந்தாலும் கார் திரும்ப ஷெட்டுக்குத்தான். பின்னால் எடுக்க ரிவர்ஸ் கியரும் கிடையாது, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.