ரேஷனில் அரிசியா, பணமா? புதுச்சேரி சமையலறை சொல்லும் கணக்கு!

புதுச்சேரியில் தட்டாஞ்சாவடி பக்கம் போனால் இரண்டு இடங்களைப் பார்க்கலாம். ஒன்று, சுற்றுவட்டார விவசாயிகள் நெல்லும் மணிலாவும் கொண்டுவரும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். 'மார்க்கெட் கமிட்டி' என்று சொன்னால்தான் உள்ளூரில் பலருக்குப் புரியும். இன்னொன்று, உங்கள் ரேஷன் கார்டு சிவப்பா மஞ்சளா என்று முடிவு செய்கிற குடிமைப் பொருள் வழங்கல் துறை அலுவலகம்.

ஒரு பக்கம் நெல் வருகிறது. இன்னொரு பக்கம், 'அரிசியாகக் கொடுப்பதா, பணமாகக் கொடுப்பதா' என்று வருஷக்கணக்கில் பஞ்சாயத்து. இந்தியாவிலேயே இந்தக் கேள்வியை முதலில் சந்தித்த ஊர்களில் புதுச்சேரியும் ஒன்று.

'அட, ரெண்டும் ஒண்ணுதானே... 20 கிலோ அரிசிக்குப் பதிலா அதுக்கான காசு. அதை வெச்சு அரிசி வாங்கிக்கலாமே?' என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் சிக்கல் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது.

முதலில் கொஞ்சம் ஃபிளாஷ்பேக்

2013-ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தகுதியுள்ள குடும்பங்களில் ஒரு நபருக்கு மாதம் 5 கிலோ தானியம் கிடைக்கும். 2015 செப்டம்பரில் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் தானியத்தை நிறுத்திவிட்டு, அதற்கான மானியத்தை நேரடியாக வங்கிக் கணக்கில் போட ஆரம்பித்தது மத்திய அரசு. அடுத்த வருடம் தாத்ரா நகர் ஹவேலியும் சேர்ந்தது.

இது மத்திய அரசுப் பணம். இதைத் தவிர புதுச்சேரி அரசே கொடுத்துவந்த இலவச அரிசி என்று தனியாக ஒன்று உண்டு. சிவப்பு கார்டுக்கு 20 கிலோ, மஞ்சள் கார்டுக்கு 10 கிலோ. பெரிய சண்டை வந்தது இதில்தான். 'அரிசிதான் கொடுப்போம்' என்றது அப்போதைய நாராயணசாமி அரசு, 'பணம்தான்' என்றார் துணைநிலை ஆளுநர் கிரண் பேடி. 2019 பிப்ரவரியில் முதல்வரே ராஜ்நிவாஸ் வாசலில் தர்ணாவில் உட்கார்ந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கோரிக்கைப் பட்டியலில் இலவச அரிசியும் இருந்தது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2020-ல் 'பணம்' என்ற முடிவே நின்றது.

சிவப்பு கார்டுக்கு 600 ரூபாய், மஞ்சள் கார்டுக்கு 300 ரூபாய். அதாவது, கிலோவுக்கு 30 ரூபாய். இந்த 30-ஐ மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு வீட்டுக்குள் போவோம்

மாதம் 30 கிலோ அரிசி செலவாகிற ஒரு சிவப்பு கார்டு வீடு என்று வைத்துக்கொள்வோம். ரேஷனில் 20 கிலோ வந்தால், 10 கிலோ மட்டும் கடையில் வாங்க வேண்டும். அரிசி வராமல் 600 ரூபாய் வந்தால், 30 கிலோவையும் கடையில் வாங்க வேண்டும். கடையில் கிலோ 30 ரூபாய்க்கே அரிசி கிடைத்தால் பிரச்னையே இல்லை. இரண்டு வழியிலும் கையில் மிஞ்சுகிற காசு ஒன்றுதான். பொருளாதாரப் பாடப்புத்தகம் 'பணமும் பொருளும் சமம்' என்று சொல்வது இந்த இடத்தில் சரி.

ஆனால் கடையில் அதே அரிசி கிலோ 55 ரூபாய் ஆகிவிட்டால்? 20 கிலோவுக்கு 1,100 ரூபாய். வங்கியில் விழுந்தது 600. துண்டு விழுவது 500 ரூபாய்.

இந்த 500 ரூபாயை அந்த வீடு எங்கே குறைக்கும்? அரிசியில் குறைக்காது! விலை ஏறினால் சினிமாவைக் குறைப்போம், வெளியே சாப்பிடுவதைக் குறைப்போம். சோற்றை அப்படிக் குறைக்க முடியுமா? மூன்று பிள்ளைகளுக்குப் போடுகிற சோற்றை இரண்டு பிள்ளைகளுக்கான அளவில் வடிக்க எந்த அம்மாவுக்கும் மனசு வராது. விலை எவ்வளவு ஏறினாலும் வாங்கும் அளவு பெரிதாக மாறாத பொருள்களில் அரிசியும் உப்பும் முன்வரிசை.

அப்புறம் எது குறையும்? மீன், முட்டை, பழம், பால். முட்டை ஒன்று 6 ரூபாய் என்றால், அந்த 500 ரூபாய் 80 முட்டைகளுக்கும் மேல். 'மானியத் தொகை போதவில்லை' என்பதை அரிசிப் பானையில் தேடினால் கிடைக்காது. பானை நிறைந்துதான் இருக்கும். பக்கத்துத் தட்டில் முட்டை இருக்காது. 'மக்கள் அரிசி சாப்பிடுவது குறையவில்லையே, அப்போ பிரச்னை இல்லை' என்று யாராவது சொன்னால், தயவுசெய்து நம்பாதீர்கள்.

எங்கல் சொன்னது

ஜெர்மனியைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் எங்கல் (கார்ல் மார்க்ஸின் நண்பர் ஏங்கல்ஸ் வேறு, இவர் வேறு!) 1857-ல் பெல்ஜியக் குடும்பங்களின் செலவுக் கணக்கை வைத்து ஒன்றைச் சொன்னார். வருமானம் கூடக்கூட, மொத்தச் செலவில் சாப்பாட்டுக்குப் போகிற பங்கு குறையும். 2022-23-ல் மத்திய அரசு எடுத்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பிலும் இதுவே தெரிகிறது. நகர்ப்புற இந்தியாவில் 1999-2000-ல் மாதச் செலவில் 48 சதவிகிதம் சாப்பாட்டுக்குப் போனது. 2022-23-ல் அது 39 சதவிகிதம். அரிசி, கோதுமை போன்ற தானியங்களுக்கு மட்டும் அப்போது சுமார் 12 சதவிகிதம், இப்போது 4 சதவிகிதத்துக்கும் கீழே. பானங்கள், பாக்கெட் உணவுகளின் பங்கு 10 சதவிகிதத்தைத் தாண்டிவிட்டது. அரிசிக்குச் செலவழிப்பதைவிட டீ, பிஸ்கட், மிக்சர் வகையறாவுக்கு அதிகம் செலவழிக்கிறோம்.

ஆனால், இது சராசரி. மாதம் 50,000 ரூபாய் செலவழிக்கிற வீட்டுக்கு அரிசியில் 500 ரூபாய் கூடினால் தெரியவே தெரியாது. 10,000 ரூபாயில் ஓடுகிற வீட்டுக்கு அது ஒரு வாரத்துக் குழம்புச் செலவு.

'ரேஷன் அரிசி இட்லிக்குத்தான்!'

அப்படியென்றால் அரிசியே கொடுத்துவிட வேண்டியதுதானே? அவசரப்படாதீர்கள். பணத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது.

ரேஷன் அரிசியை எத்தனை வீடுகள் சோறாக வடிக்கின்றன? மாவுக்கு ஊறப்போடுவது, மாட்டுக்குக் கஞ்சி வைப்பது, பக்கத்தில் யாருக்காவது குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவது... இதெல்லாம் நம் ஊரில் ரகசியமே இல்லை. அரசுக்கு அதிகம் செலவு வைக்கிற ஒரு கிலோ அரிசி, வாங்குபவர் மதிப்பில் பாதிகூடப் பெறாமல் போனால் அந்த வித்தியாசம் யாருக்கும் பயன்படாமல் போகிறது.

புதுச்சேரிக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் வேறு. இந்த யூனியன் பிரதேசம் நான்கு துண்டுகள். புதுச்சேரி, காரைக்கால்காரர்களுக்குப் புழுங்கல் பொன்னி வேண்டும். கேரளாவுக்குள் இருக்கும் மாஹேயில் மட்டை அரிசி ருசி. ஆந்திராவுக்குள் இருக்கும் ஏனாமில் சோற்றுக்கே பச்சரிசி. ஒரே கிடங்கு அரிசியால் நான்கு ஊரின் நாக்கையும் திருப்திப்படுத்துவது லேசான வேலை இல்லை. பணம் என்றால் அவரவர் ருசிக்கு வாங்கிக்கொள்ளலாம்.

நிதி ஆயோக்குக்காக ஜே-பால் தெற்காசியா அமைப்பு அந்த மூன்று யூனியன் பிரதேசங்களிலும் அடுத்தடுத்து ஆய்வு நடத்தியது. ஆரம்பத்தில் ஒரே குழப்பம். பணம் அனுப்பிவிட்டதாக அரசுக் கணக்கு சொல்ல, 'எங்களுக்கு வரலையே' என்று பலர் சொன்னார்கள். எந்தக் கணக்கில் விழுந்தது என்பதே சிலருக்குத் தெரியவில்லை. நாளாக ஆக, பணமே மேல் என்று சொன்னவர்களின் எண்ணிக்கை கூடியது.

கடைக்காரர் என்ன செய்வார்?

இதை நாம் யோசிக்கவே மாட்டோம். மெக்சிகோவில் ஓர் உணவு உதவித் திட்டத்தில் சில கிராமங்களுக்கு மளிகைப் பெட்டியும், சில கிராமங்களுக்குப் பணமும் கொடுத்துப் பார்த்தார்கள். பெட்டி போன கிராமங்களில், பணம் போன கிராமங்களைவிட உணவுப் பொருள்களின் கடை விலை குறைந்திருந்தது. காரணம் எளிது. ஊருக்குள் வெளியிலிருந்து சரக்கு வந்து இறங்கினால் கடையில் தேவை குறையும். பணம் இறங்கினால் கடையில் தேவை கூடும். கடைகள் குறைவான, ஒதுக்குப்புறக் கிராமங்களில் இந்த வித்தியாசம் அதிகம் தெரிந்தது.

பெரிய மார்க்கெட்டும் தெருவுக்குத் தெரு மளிகைக் கடையும் இருக்கிற புதுச்சேரி நகரத்தில் இந்தப் பாதிப்பு குறைவாகவே இருக்கும். பாகூர் பக்கம் ஒரே ஒரு கடை இருக்கிற குக்கிராமம் என்றால், ரேஷன் கடை மூடியதும் அந்த அண்ணாச்சிக்குப் போட்டியே இல்லை. ரேஷன் கடைக்குப் போகாதவர்களுக்கும் சேர்த்து விலையைக் கட்டுக்குள் வைத்திருந்தது அந்தக் கடைதான்.

சரி, தீர்ப்பு என்ன?

என்னைக் கேட்டால், பணத்தில் தப்பில்லை, 30 ரூபாயில்தான் தப்பு. 20 கிலோ அரிசி, விலை என்னவாக இருந்தாலும் 20 கிலோ அரிசிதான். 600 ரூபாய் அப்படி இல்லை, வருஷத்துக்கு வருஷம் இளைக்கும். மத்திய அரசின் மானியத் தொகை நெல்லின் குறைந்தபட்ச ஆதரவு விலையோடு சேர்ந்து ஏறுகிற மாதிரி கணக்கிடப்பட்டது. உள்ளூர்த் தொகைக்கும் கடை விலையோடு அப்படி ஒரு முடிச்சு போட்டிருந்தால், இவ்வளவு பேர் 'அரிசியே கொடுங்க' என்று கேட்டிருக்க மாட்டார்கள் என்பது என் கருத்து.

2024 அக்டோபரில், தீபாவளி நேரத்தில், முதல்வர் ரங்கசாமி அரசு ரேஷன் கடைகளை மறுபடி திறந்தது. (தட்டாஞ்சாவடி அவருடைய தொகுதிதான்.) கார்டுக்கு 10 கிலோ இலவச அரிசி, 2 கிலோ சர்க்கரை என்று ஆரம்பித்தார்கள். உங்கள் தெருவிலும் கடை திறந்திருந்தால் இந்த மாதம் ஒன்று செய்யுங்கள். அந்த அரிசி சோற்றுப் பானைக்குப் போகிறதா, கிரைண்டருக்குப் போகிறதா என்று பாருங்கள். சோறாக வடித்தால் கடை விலையில் கணக்குப் போடுங்கள். கிரைண்டருக்குப் போனால் இட்லி அரிசி விலையில் போடுங்கள். அப்புறம், மிச்சமான காசில் முட்டை எத்தனை வந்தது என்று எண்ணிப் பாருங்கள்.