பிரேக் ஹோஸையும் கொஞ்சம் பாருங்கள்

கார் சர்வீஸ் பில்லில் இன்ஜின் ஆயில் இருக்கும், ஏர் ஃபில்டர் இருக்கும், தேய்ந்திருந்தால் பிரேக் பேடும் இருக்கும். பிரேக் ஹோஸ் என்று ஒரு வரியைப் பார்த்தவர்கள் குறைவு. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கிளம்பும் பிரேக் ஆயில் வண்டிக்கு அடியில் பெரும்பாலும் ஸ்டீல் பைப்பில்தான் ஓடுகிறது. ஆனால் சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும். முன்சக்கரம் திரும்பவும் வேண்டும். அதனால் கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு மட்டும், வளைந்து கொடுக்கிற ரப்பர் ஹோஸ்.

அதன் உள்துளை சுமார் 3 மில்லிமீட்டர். டயரில் நாம் அடிக்கும் காற்று ஏறக்குறைய 30 பி.எஸ்.ஐ. சடன் பிரேக் போடும்போது இந்த ஹோஸுக்குள் அழுத்தம் 1,000 பி.எஸ்.ஐ.யைத் தாண்டிவிடும். அதற்கேற்றபடிதான் செய்திருக்கிறார்கள்: உள்ளே ஒரு ரப்பர் குழாய், அதன்மேல் பின்னிய நூல், வெளியே மறுபடி ரப்பர். அமெரிக்கத் தர விதிப்படி இந்த அளவு ஹோஸ் 4,000 பி.எஸ்.ஐ.யை 2 நிமிடம் தாங்க வேண்டும். 7,000 வரை வெடிக்கக் கூடாது. இந்தியாவில் இதற்கான தரம் ஐ.எஸ். 7079.

இவ்வளவு உறுதியான பொருள் கெட்டுப்போவதற்கு வயது ஒரு காரணம். இன்னொரு காரணம் நம் பட்டறைகளில் தினமும் நடக்கிறது. பேட் மாற்ற, அந்தப் பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றுகிறவர், அதை அப்படியே ஹோஸில் தொங்கவிட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போகிறார். சில கிலோ எடையுள்ள இரும்பு அந்த ரப்பரில் ஊசலாடுகிறது. ஒரு துண்டுக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டிவைத்தால் போதும், அதைச் செய்வதில்லை. ஆயில் ஒழுகாமலிருக்க ஹோஸைக் கட்டிங் பிளேயரால் நெரித்துப் பிடிக்கிறவர்களும் உண்டு. இரண்டுமே தவறு. வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது, உள்குழாய் கிழிந்திருக்கும்.

கிழிந்த ரப்பர் உள்ளே மடிந்து வழியை மறைத்துக்கொள்ளும். மிதித்தால் ஆயில் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். காலை எடுத்தால் திரும்பி வராது. சக்கரம் பிரேக் பிடித்தபடியே ஓடும். ரிம் சுடும், கருகல் வாடை வரும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும், மைலேஜ் குறையும். காலிப்பர் ஜாம் என்று சொல்லிப் புதுக் காலிப்பர் போடுவார்கள். கொஞ்ச நாளில் அதே கதை.

இதைக் கண்டுபிடிக்கச் சில நிமிடச் சோதனை போதும். வண்டியை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பிரேக்கை மிதித்துவிட்டுக் காலை எடுக்க வேண்டும். சக்கரம் சுற்ற மறுத்தால், ஹோஸின் மேல்முனையில் ஸ்டீல் பைப் சேரும் நட்டைச் சற்றுத் தளர்த்திப் பார்க்கலாம். உடனே சக்கரம் விடுபட்டால் கோளாறு அதற்கும் மேலே, பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம். அப்போதும் விடவில்லையென்றால், காலிப்பரில் ஏர் எடுக்க இருக்கும் நிப்பிளைத் திறக்க வேண்டும். ஆயில் பீறிட்டுச் சக்கரம் சுழன்றால் ஹோஸ்தான் அடைத்திருக்கிறது. நிப்பிளைத் திறந்தும் இறுகியே இருந்தால்தான் காலிப்பரைச் சந்தேகப்பட வேண்டும். அந்த வரிசையில் பார்க்காமல் காலிப்பருக்குப் பணம் கட்டாதீர்கள்.

வெளிப்புறச் சோதனையை நீங்களே செய்யலாம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவிட்டு, டார்ச் அடித்து, ஹோஸைத் துணியால் துடைத்து, இரும்பு முனைகளுக்குப் பக்கத்தில் விரலால் மெல்ல வளையுங்கள். நேராக இருக்கும்போது தெரியாத நுண்வெடிப்புகள் வளைக்கும்போது வாய் திறக்கும். உள்ளே நூல் தெரிந்தாலோ, ஈரம் கசிந்தாலோ, ஒருவர் மிதிக்கும்போது ஹோஸ் புடைத்தாலோ யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிட வேண்டும். டயர் உரசிய தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாற்றும் வேலையைப் பழகிய மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. ஒரு பக்கம் போனால் எதிர்ப்பக்கத்தையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். சாதாரண ஸ்பேனர் போட்டால் பைப் நட்டின் முனை மழுங்கிவிடும்; அதற்கென்று உள்ள பிளேர் நட் ஸ்பேனர் வேண்டும். காப்பர் வாஷர் புதிதாக இருக்கட்டும். ஹோஸ்மேல் நீளக் கோடு அச்சிட்டிருந்தால், மாட்டி முடித்தபின் அது முறுக்காமல் நேராக ஓட வேண்டும். ஏர் எடுத்து முடித்து, மிதி கெட்டியாக நிற்கிறதா என்று பார்த்தபிறகே வண்டி நகர வேண்டும்.

அதோடு பழைய ஆயிலையும் முழுக்க மாற்றிவிடுங்கள். டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் இழுத்தபின் அதற்கான வரம்பே 155தான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது ஒரு சக்கரம் விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால், அந்தச் சூட்டில் பழைய ஆயில் கொதித்து மிதி அடியில் போய்விடும்.

பல சிறிய கார்களுக்கு ஒரு ஹோஸ் சில நூறு ரூபாய்தான். பத்து வருடம் ஆன ஹோஸ் என்றால் வெடிப்பு தெரியும்வரை காத்திருக்காதீர்கள். அடுத்தமுறை பேட் மாற்ற வண்டியை விடும்போது, காலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள். முடிந்தால் பக்கத்தில் நின்று பாருங்கள்.