உஷார்! இன்று மருந்து, நாளை பறிப்பா?

அந்தமானில் கத்தரி, வெண்டை, பாகல் போட்டிருக்கும் விவசாயிகளே, மருந்து அடித்த கையோடு காயைப் பறித்துப் படகில் ஏற்றாதீர்கள்! காய்கறிக்குப் பேர்போன நீல் தீவில் (2018 முதல் ஷஹீத் துவீப்) போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) படகுக்கு ஏற்றபடிதான் பறிப்பு. விஷம் இறங்குவதோ அதன் கணக்கில்தான்.

கத்தரித் தண்டு, காய்த்துளைப்பான் புழுவுக்குப் பலரும் அடிக்கும் குளோரான்ட்ரனிலிபுரோலுக்கு லேபிளில் உள்ள காத்திருப்பு 22 நாள். நாம் பறிப்பதோ நாலைந்து நாளுக்கு ஒருமுறை. அப்படியென்றால் நான்கு பறிப்பாவது கைவிட்டுப் போக வேண்டும். யார் விடுகிறார்கள்? எமாமெக்டின் பென்சோயேட்டுக்கு அதே கத்தரியில் 3 நாள்தான். வாங்கும் முன் இந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும், விலையை அல்ல.

அடிக்கடி பறிக்கும் காய்க்கு உயிரி மருந்தே பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் பலர் தவறாக அடித்துவிட்டு, "வேலை செய்யல" என்று மறுபடி ரசாயனத்துக்கு ஓடுகிறார்கள். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்தைப் புழு தின்றால்தான் சாகும். அதற்கும் இரண்டு மூன்று நாள் ஆகும். காய்க்குள் புகுந்துவிட்ட புழுவை அது எட்டாது. வெயிலில் வீரியம் போய்விடும் என்பதால், குஞ்சுப்புழு தென்படும்போதே சாயங்காலம் அடியுங்கள். புழு புகுந்து வாடிய நுனித்தண்டுகளைக் கிள்ளி அழித்துவிடுங்கள். பூச்சியைக் கொல்லும் பவேரியா பூஞ்சைக்கு நம் தீவின் ஈரக்காற்று நன்றாகவே ஒத்துவரும். அதே டேங்கில் பூஞ்சைக்கொல்லியைக் கலந்தால் அந்த நல்ல பூஞ்சையே செத்துவிடும்! வேப்பங்கொட்டைப் பருப்பு 5 கிலோவை இடித்து ஊறவைத்து, 100 லிட்டர் கரைசலாக்கி, ஒட்டும் திரவம் சேர்த்து அடிக்கலாம்.

ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிற இடம் இது. சரிவில் அடித்த ரசாயனம் கீழேயுள்ள கிணற்றுக்கும் குளத்துக்கும் போய்ச் சேரும். சைபர்மெத்ரின் போன்றவை மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொன்றுவிடும்.

இன்னொன்று. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறியில் 2005-லேயே தடை செய்துவிட்டார்கள். வீட்டில் பழைய டப்பா மிச்சமிருந்தால் தொடவே தொடாதீர்கள். "ஆர்கானிக், ஒரே நாளில் புழு சாகும்" என்று பதிவு எண் இல்லாத பாட்டிலை யாராவது நீட்டினால் சந்தேகப்படுங்கள். உள்ளே ரசாயனம் இருக்கலாம். வாங்கும் முன் லேபிளைப் படம் பிடித்துக்கொண்டு, கராச்சர்மா மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் காட்டிக் கேளுங்கள்.