அடுத்தவருக்குக் கேட்காத ஓசை

வங்கத் திரையுலகுக்கு ‘டாலிவுட்’ என்ற பெயரை 1932-இல் சூட்டியவர் வில்ஃபர்ட் டெமிங் என்னும் அமெரிக்க ஒலிப்பொறியாளர். அப்பெயருக்கு மூலமான கொல்கத்தாவின் டாலிகஞ்ச், இன்றும் படப்பிடிப்புத் தளங்கள் நிறைந்த பகுதியாக இருப்பதால், காது இரைச்சலைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை எனலாம். ஒலிப்பதிவுக் கூடத்தின் கனத்த கதவைச் சாத்தி, தெருவில் ஓடும் ஆட்டோக்களின் ஹாரன் சத்தம் அடங்கியதும், வெளியுலகில் எங்குமே இல்லாத மெல்லிய ‘கீ’ என்ற ஓசை சிலருக்குக் காதுக்குள் கேட்கத் தொடங்கும். 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் ஆகிய இருவர் செவிக்குறை இல்லாத 80 பேரை ஒலிபுகா அறையில் அமர்த்திச் சோதித்தபோது, 94 விழுக்காட்டினர் ஏதோ ஓர் ஓசை கேட்பதாகக் கூறினர். அவ்வோசை விலகாமல் நிலைத்துவிடும் நிலையை மருத்துவர்கள் ‘டின்னிட்டஸ்’ என்கின்றனர்.

உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும் காக்ளியாவின் மயிரிழைச் செல்கள், முதுமையாலோ பேரொலியாலோ அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை என்பதால், குறைந்துபோன ஒலிக்குறிப்புகளை ஈடுகட்ட மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. அதன் விளைவே இவ்விரைச்சல் என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கமாகும். பேரொலியும் ஒரு காரணமாதலால், பூஜைக்கால ஒலிபெருக்கிகளுக்குப் பெயர்போன கொல்கத்தாவில், நீதிபதி பகவதி பிரசாத் பானர்ஜி 1996-இல் உயர் நீதிமன்றத்திலிருந்து அவற்றுக்குக் கடிவாளமிட்டதைச் செவிநலத்துக்கான தீர்ப்பாகவும் கொள்ளத் தகும்.

வியப்புக்குரியது யாதெனில், நோயாளி கேட்கும் ஓசையைக் கருவியின் ஒலியோடு ஒப்பிட்டு அளந்தால், அது பெரும்பாலும் அவரது கேட்புவரம்புக்குச் சில டெசிபல் மேலேதான் நிற்கிறது. ஏறத்தாழ ஒரே அளவு ஓசையோடு ஒருவர் இயல்பாக வேலை பார்க்க, மற்றொருவர் உறக்கம் இழந்து, கூட்டத்தில் பேச்சைத் தவறாகக் கேட்டுவிடுவோமோ என அஞ்சித் திருமண வீடுகளையும் தவிர்க்கத் தொடங்குகிறார். பிறர் காணவோ கேட்கவோ இயலாத துன்பமாதலால், ‘எல்லாம் மனப்பிரமை’ என்ற வீட்டாரின் சொல் அவரது தன்னம்பிக்கையை மேலும் அரிக்கிறது. 1996-இல் நியூமன் குழுவினர் வகுத்த 25 கேள்விகள் கொண்ட அளவுகோல், ஓசையின் உரப்பை விட்டுவிட்டு, எரிச்சல், கவனச்சிதறல், உறவுச்சிக்கல், கையறுநிலை ஆகியவற்றையே கேட்டு, 0 முதல் 100 வரை மதிப்பெண் இடுவது இதனால்தான்.

இரைச்சலை அடியோடு போக்கும் மருந்து இதுவரை இல்லை. ஆயினும், அச்சமூட்டும் எண்ணங்களை இனங்கண்டு மாற்றப் பயிற்றும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சையைக் குறித்துக் காக்ரேன் அமைப்பு 2010-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, ஓசையின் உரப்பு குறிப்பிடத்தக்க அளவில் குறையாதபோதும் வாழ்க்கைத்தரம் உயர்ந்ததைக் காட்டியது. ஆதலால், ‘ஒன்றும் செய்வதற்கில்லை, பழகிக்கொள்ளுங்கள்’ என்று சீட்டெழுதி அனுப்பிவிடும் வழக்கம் அரைகுறை மருத்துவமே. இரைச்சல் ஒரு காதில் மட்டும் கேட்டாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து ஒலித்தாலோ, திடீரெனச் செவி மங்கினாலோ காலம் தாழ்த்தாமல் மருத்துவரை அணுக வேண்டும். செவித்திறன் சோதனைக்கு, கொல்கத்தாவின் வடகோடியை அடுத்த பன்ஹூக்ளியில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்தின் கிழக்கு மண்டல மையம் இயங்கிவருகிறது.