நீரின் நாடி

நுழையும்முன்

மலையடிவார ஊர்களில் வாழ்வோர்க்குப் பவளம் என்பது மாலையில் கோத்த சிவந்த மணியாகவே அறிமுகம். கடலிலோ அஃது ஓர் உயிர். தான் வாழும் நீரின் குறைநிறைகளைத் தன் உடலிலேயே காட்டும் உயிர். கண்ணாடித் தொட்டிக்குள் வாடும் ஒரு மென்பவளத்தின் நோயை ஆராயும் முறையை அறிந்தால், கடலின் நோயை ஆராயும் முறையும் விளங்கும். அம்முறையை இவ்வுரைநடை விளக்குகிறது.

மலையில் தொடங்கும் கடல்

தேனி மாவட்டத்தின் வருசநாட்டு மலைகளில் பெய்யும் மழை ஓடைகளாகத் திரண்டு மூல வைகையாகிறது. வருசநாடு, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு ஆகிய ஊர்களைக் கடந்து வரும் அந்நீர், ஆண்டிபட்டிக்கு அருகில் 1959ஆம் ஆண்டு முதல் பயன்பாட்டில் உள்ள வைகை அணையில் தேங்குகிறது. பின்னர் மதுரை, சிவகங்கை வழியாக இராமநாதபுரத்தை அடைந்து, அங்குள்ள பெரிய கண்மாயை நிரப்புகிறது. எஞ்சிய வெள்ளம் ஆற்றங்கரை என்னும் ஊருக்கருகே பாக் விரிகுடாவில் கலக்கிறது. வைகையின் நீளம் 258 கி.மீ. அதன் கழிமுகத்திற்குத் தென்கிழக்கே, மண்டபத்தையும் இராமேசுவரத்தையும் ஒட்டிய கடலில் பவளத்திட்டுகள் உள்ளன.

மீனுக்கு நீர் ஒவ்வாவிடில் வேறிடம் செல்லும். பவளத்தால் அது முடியாது. பற்றிய பாறையைவிட்டு நகர இயலாத அவ்வுயிர், தன்னைச் சூழும் நீரை ஏற்றே வாழவேண்டும். ஆதலால் பவளத்தின் உடல்நிலை, அந்நீரின் நிலையைக் காட்டும் நாடியாகிறது.

பரந்த கடலில் ஒரு விளைவின் காரணத்தைப் பிரித்தறிவது கடினம். சில நூறு லிட்டர் கடல்நீர் கொண்ட கண்ணாடித் தொட்டியிலோ காரணமும் விளைவும் கண்முன் நிகழ்கின்றன. உலகின் பல நாடுகளில், பண்ணைகளில் பெருக்கிய மென்பவளங்களை வீட்டுத் தொட்டிகளில் வளர்க்கின்றனர். அவர்கள் பட்டறிவால் வகுத்துக்கொண்ட நோயறியும் முறை தெளிவான ஒழுங்குடையது.

மென்பவளத்தின் உடல்

செடிபோலத் தோன்றினும் பவளம் விலங்கினத்தைச் சேர்ந்தது. எண்ணற்ற சிற்றுயிர்கள் ஒன்றோடொன்று இணைந்து ஓருடலாக வாழ்வதே பவளம். அச்சிற்றுயிர் ஒவ்வொன்றும் பாலிப் எனப்படும். கல்பவளங்கள் சுண்ணாம்பால் கெட்டியான கூட்டைக் கட்டுகின்றன; அவற்றின் பாலிப்புகளுக்கு ஆறு அல்லது ஆறின் மடங்கில் உணர்கொம்புகள் உண்டு. மென்பவளங்களுக்கு எட்டு உணர்கொம்புகள். கெட்டியான கூடு இல்லாத அவை, சதைக்குள் பொதிந்த சுண்ணாம்பு நுண்முட்களாலும் உள்வாங்கிய நீரின் அழுத்தத்தாலும் நிமிர்ந்து நிற்கின்றன.

பல பவளங்களின் திசுக்களுக்குள் சூசாந்தெல்லே என்னும் ஒருசெல் பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளிச்சேர்க்கையால் உண்டாக்கும் உணவின் பெரும்பகுதியைப் பவளத்திற்கு அளிக்கின்றன. பவளமோ அவற்றுக்கு உறைவிடமும் கரியமில வாயுவும் அளிக்கிறது. பவளத்தின் பழுப்பும் பசுமையும் கலந்த நிறத்திற்கு இப்பாசிகளே பெரிதும் காரணம். நீர் மிகுதியாக வெப்பமடைந்தாலோ ஒளி அளவு கடந்தாலோ இவ்வுறவு முறிகிறது. பவளம் பாசிகளை வெளியேற்றி வெளிறிப்போகிறது. இந்நிலையே பவள வெளிறல். வெளிறிய பவளம் உடனே இறப்பதில்லை, பட்டினியில் வாடுகிறது. சூழல் விரைவில் சீரடைந்தால் பாசிகள் மீண்டும் பெருகும், பவளம் பிழைக்கும். காலந்தாழ்ந்தால் மடியும்.

நோயும் நோயன்மையும்

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம், நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் முறையாக ஆராய்ந்து செயற்படுமாறு கூறுகிறது. தொட்டியில் வாடும் பவளத்திற்கும் இவ்வரிசையே பொருந்தும்.

முதற்படி உற்றுநோக்கல். பாலிப்புகள் பல நாள்களாக மூடியிருத்தல், உடல் தளர்ந்து சாய்தல், நிறம் வெளிறல், அடிப்பகுதி பாறையிலிருந்து கழலுதல், திசு கூழாகி அழுகுதல் ஆகியவை நலிவின் அறிகுறிகள். ஆயினும் எல்லா மாற்றமும் நோயாகாது. காளான் வடிவில் வளரும் சார்கோஃபைட்டான் என்னும் மென்பவளம், அவ்வப்போது பாலிப்புகளை உள்ளிழுத்துக்கொண்டு மெழுகு பூசியதுபோல் காட்சி தரும். சில நாள்களில் அம்மென்படலம் உரிந்து விழும். பவளம் முன்னிலும் பொலிவுடன் விரியும். பாம்பு சட்டை உரிப்பதைப்போன்ற இயல்பான செயல் இது. மேற்பரப்பில் படிந்த பாசியையும் அழுக்கையும் பவளம் இவ்வாறு களைகிறது. இதனை நோயெனக் கருதி இடம் மாற்றுவதும் மருந்திடுவதும் நலமான உயிரை நலிவடையச் செய்யும்.

முதலில் நீர்

நலிவு உறுதியானால், பவளத்தைத் தொடுவதற்கு முன் நீரை அளக்க வேண்டும். இயற்கைக் கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. 100 லிட்டர் தொட்டியில் ஏறத்தாழ 3,500 கிராம் உப்பு இருக்கும். ஒரு வாரத்தில் 5 லிட்டர் நீர் ஆவியானால், நீர் குறையும், உப்பு குறையாது. அக்குறையைக் கடல்நீராலேயே நிரப்பினால் மேலும் 175 கிராம் உப்பு சேரும். மூன்று வாரங்கள் இவ்வாறே நிரப்பினால் கூடுதல் உப்பு 525 கிராமாகும். உப்பளவு லிட்டருக்கு 40 கிராமைத் தாண்டும். தூத்துக்குடி உப்பளங்களில் நீர் ஆவியாகி உப்பு செறிவதும் இதே நியதியால்தான். ஆகவே ஆவியான நீருக்கு ஈடாகத் தூய நன்னீரையே ஊற்றவேண்டும். உப்பளவை ஒளிவிலகல்மானியால் அளக்கலாம்.

அடுத்தது வெப்பநிலை. பவளத் தொட்டிகளில் பொதுவாக 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை வெப்பநிலையைப் பேணுவர். கோடையில் மூடிய அறையில் உள்ள தொட்டி எளிதில் இவ்வரம்பைக் கடந்துவிடும். நண்பகலில் ஒருமுறை மட்டும் அளந்தால் போதாது. விடியற்காலையிலும் மாலையிலும் அளந்தால்தான் ஏற்ற இறக்கம் தெரியும்.

மூன்றாவது கழிவு. மீனின் கழிவும் உண்ணாது எஞ்சிய உணவும் அழுகி அம்மோனியா உண்டாகிறது. பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இப்பாக்டீரியாக்கள் பெருகுமுன் பவளத்தை இட்டால், அம்மோனியாவே அதனைக் கொல்லும். அம்மோனியா புலப்பட்டால் தாமதமின்றி நீரின் ஒரு பகுதியை மாற்றவேண்டும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்தால் இழைப்பாசிகள் செழித்துப் பவளத்தை மூடும்.

நான்காவது நச்சுப்பொருள். குழாய்நீரில் கலந்த குளோரின், செம்புக் குழாய்களிலிருந்து கரையும் செம்பு ஆகியவை பவளத்திற்கு ஊறு செய்யும். மீன்களைப் பற்றும் ஒட்டுண்ணிகளை ஒழிக்கச் செம்பு கலந்த மருந்தைப் பயன்படுத்துவதுண்டு. மீனைக் காக்கும் அம்மருந்தே பவளத்தைக் கொல்லும் நஞ்சாகும்.

ஓட்டமும் ஒளியும் அண்டை உயிர்களும்

அளவுகள் அனைத்தும் சரியாக இருந்தும் பவளம் விரியாவிடில், மூன்றைக் கருதவேண்டும். தேங்கிய நீரில் பவளத்தின்மேல் கழிவு படியும். உரிந்த படலமும் அகலாது. ஒரே திசையில் பீறிட்டுப் பாயும் நீரோ சதையைச் சிதைக்கும். அலைபோல மாறிமாறி அசையும் மிதமான ஓட்டமே ஏற்றது. ஒளி குறைந்தால் உள்ளுறை பாசிகள் உணவாக்கம் செய்ய இயலாது. மங்கிய ஒளியில் பழகிய பவளத்தைத் திடீரெனக் கடுமையான ஒளியில் வைத்தால் அது வெளிறும். ஒளியைப் பல நாள்களில் சிறிது சிறிதாகவே கூட்டவேண்டும்.

மூன்றாவது, அண்டையில் உள்ள உயிர்கள். நகர இயலாத உயிர்களுக்கும் இடப்போட்டி உண்டு. மென்பவளங்கள் பல, டெர்ப்பீன் வகை வேதிப்பொருள்களை நீரில் கலந்து அருகிலுள்ள பவளங்களின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. கடலில் அவை நீரோட்டத்தில் கரைந்துபோகும். தொட்டியில் செறிந்து நிற்கும். பவளங்களுக்கிடையே போதிய இடைவெளி விடுவதும், கிளர்வூட்டிய கரியின் வழியே நீரை வடிப்பதும் இதற்குத் தீர்வு. பவளத்தை மெல்லும் ஓடில்லாக் கடல்நத்தைகள் அடிப்பகுதியில் மறைந்துள்ளனவா என்பதையும் பார்க்கவேண்டும்.

பொறுமையே மருந்து

காரணம் தெரிந்தபின்னும் விரைவு ஆகாது. உப்பளவு மிகுந்துள்ளதெனில் ஒரே நாளில் நன்னீரை ஊற்றிக் குறைத்தல் கூடாது. திடீர் மாற்றம், முன்னிருந்த குறையைவிடப் பெருந்தீங்காகலாம். அம்மோனியாவும் நஞ்சும் நீங்கலாக, ஏனைய குறைகளைப் பல நாள்களில் படிப்படியாகத் திருத்துவதே முறை. வழக்கமான நீர்மாற்றம் பத்தில் ஒரு பங்கு அளவில் அமைவது நலம்.

ஒரே வேளையில் ஒளி, ஓட்டம், உணவு, இடம் ஆகிய அனைத்தையும் மாற்றினால், பவளம் தேறினாலும் எதனால் தேறியது என்பது தெரியாது. நலிந்தாலும் எதனால் நலிந்தது என்பது தெரியாது. ஒன்றை மாற்றுதல், காத்திருத்தல், குறித்துவைத்தல், பின்பு அடுத்ததை மாற்றுதல் என்பதே அறிவியல் நெறி. அழுகல் தொடங்கியிருந்தால் மட்டும் காத்திருக்கலாகாது. அழுகிய பகுதியைத் தூய கூரிய கத்தியால் நலமான திசுவரை வெட்டி அகற்றவேண்டும். மென்பவளத்தின் நலமான துண்டு மீண்டும் வளரும் ஆற்றலுடையது.

தொட்டியும் கடலும்

தொட்டியில் கண்ட அதே நோய்கள் கடலிலும் உள்ளன. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையில் 21 தீவுகளைச் சூழ்ந்த மன்னார் வளைகுடாப் பவளத்திட்டுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் கடல்நீர் இயல்பைவிட வெப்பமடைந்தபோது அங்குள்ள பவளங்கள் பெருமளவில் வெளிறின. குருசடைத் தீவில், வெளிநாட்டிலிருந்து வளர்ப்பிற்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாபைகஸ் என்னும் கடற்பாசி பவளங்கள்மேல் படர்ந்து ஒளியை மறைத்தது. தொட்டியை மூடும் இழைப்பாசியின் பெருவடிவம் அது.

முற்காலத்தில் சுண்ணாம்பிற்காகவும் கட்டுமானத்திற்காகவும் இக்கடலில் பவளப்பாறைகளை வெட்டியெடுத்தனர். பவளத்திட்டு அலையின் வேகத்தைத் தணிக்கும் அரண். அவ்வரண் சிதைந்ததும் அரிப்பு மிகுந்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் கடலில் மூழ்கின. தூத்துக்குடியில் இயங்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தினர், நலிந்த இடங்களில் பவளத் துண்டுகளைக் கற்காரைச் சட்டங்களில் பொருத்தி வளர்த்துவருகின்றனர். தொட்டியில் துண்டிலிருந்து பவளத்தை வளர்க்கும் முறையே கடலடியில் மீட்புப் பணியாகிறது.

தெரியுமா?
சங்க இலக்கியத்தில் பவளம் ‘துகிர்’ எனவும் வழங்கப்படுகிறது. கல்பவளங்கள், கரும்பவளங்கள், கடல்விசிறிகள், குழற்பவளம், தீப்பவளம் ஆகியவை 2001இல், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உரிய காப்பு இவற்றுக்கும் உண்டு. இவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றங்கள்.

மலையின் பங்கு

கடலின் வெப்பத்தைத் தனியொருவர் தணிக்க இயலாது. ஆனால், ஆற்றுவழியே செல்லும் வண்டலும் கழிவும் மனிதர் கையில் உள்ளவை. மரம் அடர்ந்த மலைச்சரிவில் மழைநீர் இலைகளிலும் சருகுகளிலும் விழுந்து, வேர்வழியே மண்ணுள் இறங்கி, ஊற்றாகக் கசிகிறது. மரம் இழந்த சரிவில் அதே மழை மண்ணை அரித்துச் செந்நீராகப் பாய்கிறது. அவ்வண்டலில் ஒரு பகுதி அணையிலும் கண்மாய்களிலும் தங்கி அவற்றின் கொள்ளளவைக் குறைக்கும். வெள்ளக் காலத்தில் நுண்வண்டல் கடலையும் அடையும். கலங்கிய நீரில் ஒளி புகாது. படியும் வண்டல் பாலிப்புகளை மூடும். வயலில் மிகையாக இட்ட உரமும் ஊர்க் கழிவுநீரும் கடலுக்குச் சென்றால், தொட்டியில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்தால் விளையும் கேடே அங்கும் விளையும்.

2021இல் திருவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டபோது, வைகையின் நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காப்பதும் அதன் பயன்களுள் ஒன்றாகக் கருதப்பட்டது. காடு காக்கப்பட்டால் வருசநாட்டின் தென்னைக்கும் இலவத்திற்கும் முந்திரிக்கும் நீர் கிடைக்கும். மதுரையின் குடிநீரும் இராமநாதபுரத்தின் கண்மாயும் பயன்பெறும். எஞ்சிய நீர் தெளிவாகக் கடலைச் சேரும். பவளம் வாடியபின் பவளத்தைத் தேடிச் செல்வதைவிட, நீர் பிறக்கும் இடத்திலேயே அதன் நலத்தைப் பேணுவது எளிது, செலவும் குறைவு.

கற்பவை கற்றபின்...

1. ‘பவளத்தைத் தொடுவதற்கு முன் நீரை அளக்க வேண்டும்’ – இக்கூற்றின் பொருத்தத்தை உங்கள் ஊர்க் கிணறு, கண்மாய், ஆறு ஆகியவற்றோடு ஒப்பிட்டு உரையாடுக.

2. 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் வாரந்தோறும் 8 லிட்டர் நீர் ஆவியாகிறது. அதனைக் கடல்நீரால் நிரப்பினால் ஐந்து வாரங்களுக்குப் பின் உப்பளவு லிட்டருக்கு எவ்வளவாக இருக்கும் எனக் கணக்கிடுக.

3. மழைக்கு முன்னும் பின்னும் உங்கள் பகுதி நீர்நிலையின் நீரைக் கண்ணாடிக் குவளைகளில் எடுத்து, ஒரு நாள் அசையாமல் வைத்து, அடியில் படியும் வண்டலை ஒப்பிட்டுக் குறிப்பு எழுதுக.