ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அம்மாவே அலாரமா?

'அஞ்சாவது வரைக்கும் நல்லாத்தானே இருந்தான்... ஆறாவது போனதுல இருந்து தினமும் எதையாவது மறந்துட்டு வர்றான்!' பள்ளி திறந்த சில வாரங்களில் பல வீடுகளில் கேட்கும் புலம்பல் இது.

உண்மையில் மாறியது பிள்ளை அல்ல, வகுப்பறை. தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் ஒரே ஆசிரியர்தான் எல்லாப் பாடங்களையும் நடத்துவார். யார் எதை எழுதவில்லை என்பது அவருக்கு நினைவிருக்கும். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஒரு ஆசிரியர். தமிழ் ஆசிரியர் கொடுத்த வீட்டுப்பாடம் கணக்கு ஆசிரியருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்து நினைவில் வைக்கும் பொறுப்பு 11 வயதுப் பிள்ளையின் தலையில் விழுகிறது. திட்டமிட உதவும் மூளையின் முன்பகுதியோ, 20 வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டே இருக்கும்.

இந்த இடத்தில்தான் அம்மாக்கள் களமிறங்குகிறார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் ஹோம்வொர்க் கேட்பது, பை அடுக்குவது, மறந்த நோட்டோடு பள்ளிக்கு ஓடுவது... அன்றைய பிரச்னை தீரும். ஆனால், நினைவில் வைக்கும் வேலை அம்மாவிடமே தங்கிவிடும். அதைப் பிள்ளையிடம் ஒப்படைக்க சில எளிய வழிகள்:

டைரி: வீட்டுப்பாடத்தை அந்தந்த பீரியட் முடிந்ததுமே எழுத வேண்டும். எதுவும் தரவில்லை என்றால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். கோடும் இல்லாமல் காலியாக இருந்தால், எழுத மறந்திருக்கிறது என்று பிள்ளைக்கே புரியும்.

பை: காலைப் பரபரப்பில் வேண்டாம். இரவே டைம்டேபிளைப் பார்த்து பிள்ளையே அடுக்கட்டும். ஒரு பாடத்தின் புத்தகம், நோட்டு எல்லாவற்றுக்கும் ஒரே நிற லேபிள் ஒட்டினால் தேடும் நேரம் மிச்சம். வாரம் ஒருமுறை பையை முழுதாகக் கொட்டி, சுத்தம் செய்து அடுக்க வேண்டும்.

படிப்பு: 'ஆறு மணிக்குப் படி' என்றால், பஸ் தாமதமானதும் திட்டம் குலைந்துவிடும். 'டிபன் சாப்பிட்டதும் படிப்பு' என்று ஒரு வேலையோடு இன்னொன்றைக் கோத்துவிடுங்கள்.

தூக்கம்: 6 முதல் 12 வயது வரை தினமும் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி. காலை 6 மணிக்கு எழ வேண்டுமென்றால், இரவு 9 மணிக்காவது தூங்கியிருக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரங்கள் பக்கத்தில் இருந்து பழக்குங்கள். அடுத்த இரண்டு வாரங்கள், 'டைம்டேபிள் பாத்தாச்சா?' என்ற ஒரே கேள்வி போதும். பிறகு அதையும் நிறுத்துங்கள். நோட்டை மறந்தால், ஆசிரியரிடம் பிள்ளையே பதில் சொல்லட்டும். மறந்தது மருந்தோ, மூக்குக் கண்ணாடியோ என்றால் மட்டும் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இவ்வளவு செய்தும் கரும்பலகையில் இருப்பதைத் தொடர்ந்து தவறவிடுகிறான் என்றால், திட்டுவதற்கு முன் கண் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

ஒரு பழக்கம் தானாக வர எத்தனை நாள் ஆகும்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பெரியவர்களிடம் நடத்திய ஆய்வில், சுமார் 66 நாள்கள் என்று தெரியவந்தது. ஆளுக்கு ஆள் இது வெகுவாக மாறுபட்டது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவும் இல்லை. பெரியவர்களுக்கே இரண்டு மாதம் என்றால், பிள்ளைக்கும் அந்த அவகாசம் வேண்டாமா? ஜூனில் தொடங்கினால், காலாண்டுத் தேர்வுக்குள் அம்மாவின் குரல் இல்லாமலேயே பை தயாராக ஆரம்பித்திருக்கும்.